பேசாப் படத்தில் என் மனைவி பேசியது

என் மனைவி இதுவரை மூன்று படங்களில் நடித்திருக்கிறாள். மூன்றிலும் அவள் குரல் ஓர் இடத்தில்கூடக் கேட்காது. இதைச் சொன்னால் அவளைத் தெரிந்த வெளியூர்க்காரர்கள் முதல் பாதியை எப்படியோ நம்பிவிடுகிறார்கள். இரண்டாம் பாதியைத்தான் நம்புவதில்லை.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருவர். மாடியில் ஓர் அறையும் ஒரு சின்ன சமையலறையும் உண்டு. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். மனைவி பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். அங்கே அவளுக்கு ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம்.

அவள் பேசுவாள். அதற்கு எதிரில் ஆள் வேண்டும் என்றுகூடக் கிடையாது. குக்கரிடம் பேசுவாள். "மூணு விசில் விடுடான்னா ஒண்ணு விட்டுட்டு கம்முனு உக்காந்திருக்க, தூங்கிட்டியா?" என்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருடைய மாமியாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அறுபது பேர் ஏறுகிற வண்டியில் நூறு பேரை ஏற்றி அந்த இரைச்சலிலேயே காலம் தள்ளியவன் நான். எனக்கு அவள் பேச்சு, மின்விசிறி ஓடுகிற சத்தம் மாதிரி. ஓடும்போது தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில், மாடிக்கு ஒரு அம்மா குடிவந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சென்னைக்காரர். டிவி சீரியல்களில் எடிட்டிங் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருஷம் மாமியாரும் மருமகளும் பேசுவதையே வெட்டி ஒட்டி, ஒரு நாள் காதில் மாட்டுகிற ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டாராம்.

"பேச்சு, பேச்சு, பேச்சு சார்," என்றார் என்னிடம். "ஒருத்தர் காபி கொண்டுவந்து வெச்சா, 'இந்தாங்க காபி கொண்டுவந்திருக்கேன்'னு சொல்லணும். குடிக்கறவங்க 'காபி குடிக்கிறேன்'னு சொல்லணும். இனிமே நான் எடுத்தா பேசாத படம்தான் எடுப்பேன். அந்தக் காலத்துல எடுத்தாங்களே, கறுப்பு வெள்ளை, நடுநடுவுல எழுத்து போட்டு, அந்த மாதிரி."

நல்லது என்றேன். வாடகைக்கு வருகிறவர்கள் பல விதம். ஒருவர் மூன்று மாதம் வெறும் வாழைப்பழம் தின்றார். இவர் படம் எடுக்கப் போகிறார், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்து பத்து நாள் இருக்கும். என் மனைவி மொட்டைமாடியில் கூழ்வடகம் காயவைத்திருந்தாள். எங்கள் பக்கம் குரங்கு ஜாஸ்தி. பெரிய ஆண் குரங்கு ஒன்று வந்து வடகத்தைத் தின்றதோடு நிற்காமல், வடகம் பிழிந்திருந்த என் வெள்ளை வேட்டியையும் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மனைவி கீழே நின்று அதனோடு சண்டை போட்டாள். முதலில் மிரட்டினாள். பிறகு கெஞ்சினாள். பிறகு நியாயம் பேசினாள். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபமாக நின்றாள். குரங்கு சற்று நேரம் அவளைப் பார்த்துவிட்டு வேட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது.

அறைக்குள் ஜன்னல் கண்ணாடியை மூடி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த டைரக்டரம்மா இவ்வளவையும் பார்த்திருக்கிறார். ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. அன்று சாயங்காலமே கீழே இறங்கி வந்தார்.

"அக்கா, உங்க முகத்துல எல்லாமே இருக்கு. நீங்கதான் என் படத்துல ஹீரோயின்."

மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "டயலாக் எவ்ளோ இருக்கும்?"

"டயலாக்கே இல்லக்கா. பேசாத படம்."

"பேசாம இன்னாத்துக்கு நானு? பொம்மைய வெச்சுக்க வேண்டியதுதானே?"

டைரக்டர் விளக்கினார். அந்தக் காலத்தில் நடிகைகளுக்குக் குரல் கிடையாது. கண்ணும் புருவமும் கையும்தான். அதை வைத்தே ஊரை அழவைத்தார்கள், சிரிக்கவைத்தார்கள். கதையும் சொன்னார். ஓர் அம்மா புருஷனோடு கிரிவலம் வருகிறார். கூட்டத்தில் அவரைத் தொலைத்துவிடுகிறார். நாள் முழுக்கத் தேடி அலைகிறார். சாயங்காலம் அவர் கிடைத்துவிடுகிறார்.

"அந்தாளு எங்க போனாராம்?" என்றாள் மனைவி.

"டீ குடிக்கப் போயிருந்தாரு."

"ஆமா, அப்படித்தான் போவாங்க," என்று என்னைப் பார்த்தாள். கதை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

புருஷன் வேஷத்துக்கு என்னைச் சோதித்துப் பார்த்தார்கள். கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, "சார், உங்க மனைவி தொலைஞ்சு போயிட்டாங்கன்னு நினைச்சுக்கோங்க," என்றார் டைரக்டர். நினைத்துக்கொண்டேன். "இப்ப கிடைச்சுட்டாங்க." அதையும் நினைத்துக்கொண்டேன். அவர் திரையைப் பார்த்தார். திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு சார்."

"முப்பத்தி நாலு வருஷமா இதைத்தானே நான் சொல்லிக்கினு இருக்கேன்," என்றாள் மனைவி.

என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். முதுகு நன்றாக இருக்கிறது என்று முடிவாயிற்று. கதையை அதற்கேற்ப மாற்றி, படம் முழுக்கப் புருஷனின் முதுகு மட்டுமே வரும்படி செய்தார் டைரக்டர்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. படப்பிடிப்புக்கு முன் பத்து நாள் மனைவி பேசாமல் இருக்க வேண்டும் என்றார் டைரக்டர். "வாய் நின்னாத்தான் முகம் பேச ஆரம்பிக்கும் அக்கா. எழுதியும் காட்டக்கூடாது. எழுத்தும் பேச்சுதான்."

மனைவி இதை ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டாள். பேசாமல் இருக்கத் தன்னால் முடியாது என்று அந்த அம்மா நினைப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வியாழக்கிழமை என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள். "நாளையிலேந்து பத்து நாள் பேச மாட்டேன். சினிமா விஷயத்த எங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. படம் முடிஞ்சப்பறம் நானே சொல்லிக்கறேன். இப்பவே தெரிஞ்சா மானம் போச்சு, மரியாதை போச்சுன்னு வந்து நிப்பாரு." வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வாயை மூடினாள்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேப்பரை முழுதாகப் படித்தேன். எங்கள் ஃப்ரிட்ஜ் ஒரு மாதிரி முனகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் அந்த முனகல் தாங்க முடியாமல் டிவியைப் போட்டுவைத்தேன். மூன்றாம் நாள் குக்கர் நான்காவது விசில் விட்டபோது நானே எழுந்துபோய், "போதும்டா," என்றேன்.

அவளோ தேறிக்கொண்டே வந்தாள். கறிவேப்பிலைக்கு ஒரு ஜாடை, கொத்தமல்லிக்கு ஒரு ஜாடை என்று தானாகவே உண்டாக்கினாள். அவள் கொத்தமல்லி கேட்டதற்கு நான் கறிவேப்பிலை வாங்கி வந்தால், அவள் முகத்தில் வருகிற பார்வையைப் பார்த்ததும் திரும்பக் கடைக்கே ஓடிவிடலாம் என்றிருக்கும். முன்பெல்லாம் திட்டிவிட்டு மறந்துவிடுவாள். இப்போது திட்டு முகத்திலேயே நின்றது.

வெளியிலும் அவளுக்கு மதிப்பு கூடிவிட்டது. எங்கள் பகுதியில் பேசாமல் இருப்பவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. "மவுனமாம்மா? உக்காருங்க, உக்காருங்க," என்று ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார். ஆசிரமத்துக்கு எதிரே கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, ஆந்திராவிலிருந்து வந்த ஒரு தம்பதி ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவள் பதில் சொல்லாமல், மலையைக் காட்டி, கையை விரித்திருக்கிறாள். அவர்கள் தெலுங்கில் கழிப்பறை கேட்கிறார்கள் என்று நினைத்து, மலைப் பக்கம் இருக்கும், சரியாகத் தெரியாது என்று காட்டினாளாம். அவர்கள் இருவரும் அவள் காலில் விழுந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயில்லாததால் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து இதை எனக்கு நடித்துக் காட்ட அவளுக்கு இருபது நிமிஷம் பிடித்தது.

அவளுடைய அண்ணன் தினமும் காலையில் போன் செய்வார். என் பெரிய மச்சான். நல்லவர்தான், ஆனால் எதையும் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே விசாரிப்பார். மூன்று நாள் சமாளித்தேன். குளிக்கிறாள், தூங்குகிறாள், கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். நான்காம் நாள் அவர் விடவில்லை.

"போனை அவகிட்ட குடுங்க மாப்ள."

கொடுத்தேன். அவள் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். மறுபக்கத்தில் "அலோ, அலோ," என்று கேட்டது. அவள் இன்னும் நன்றாகத் தலையாட்டினாள். போன் என் கைக்கு வந்தது.

"இன்னாங்க மாப்ள, பேச மாட்றா?"

"பேசக்கூடாதுன்னு இருக்கா."

"ஏன்?"

"அது... அவளாத்தான்..."

போன் வைக்கப்பட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு வேன் நின்றது. பெரிய மச்சான், அவர் மனைவியான அண்ணி, சின்ன மச்சான் மூவரும் இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு மூட்டை வேர்க்கடலையும் இறங்கியது. சண்டையானாலும் வெறுங்கையோடு வர மாட்டார்கள்.

பெரிய மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். "இன்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க மாப்ள. முப்பத்தி நாலு வருஷத்துல என் தங்கச்சி ஒரு நாளு வாய மூடினதில்ல. மூடறாப்பல ஏதோ பண்ணியிருக்கீங்க."

இனி மறைத்துப் பயனில்லை என்று உண்மையைச் சொன்னேன். "சினிமாவுல நடிக்கப் போறா. அதுக்காகத்தான் பேசாம இருக்கா."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"இவ," என்றார் பெரிய மச்சான். "சினிமாவுல. பேசாம."

"ஆமாங்க மச்சான்."

"மாமா, பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் பொருந்தறாப்பல சொல்லலாமே," என்றான் சின்ன மச்சான் வருத்தத்தோடு.

அவர்கள் என் மனைவி பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லும்மா. பயப்படாத. நாங்க இருக்கறோம்."

விஷயம் என் பக்கம் முற்றிவிட்டதைப் பார்த்து அவளும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு முறை வாய் திறந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் ஐந்து நாள் காத்ததை விட அவளுக்கு மனசில்லை. இவ்வளவு பேர் முன்னால் முகத்தாலேயே சொல்லிக் காட்டினால் என்ன என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது என்று பின்னால் ஒப்புக்கொண்டாள். எழுந்து நடுக்கூடத்துக்கு வந்து நடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் விரலை மேலே காட்டினாள். பிறகு கூந்தலைத் தோளில் போட்டுக் காட்டினாள். மாடியில் இருக்கும் அம்மா என்று அர்த்தம்.

"மேல ஒரு பொம்பள இருக்கறா," என்றார் அண்ணி. அதுவரை சரி.

அடுத்து என்னைக் காட்டி, என் முதுகைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். மாடி அம்மாவுக்கு என் முதுகு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"அய்யய்யோ," என்றார் அண்ணி.

அவள் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்து, கேமராவைக் காட்டுவதற்காக ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு முன்னால் விரலை வளைத்து வைத்துப் பார்த்தாள்.

"கண்ணடிச்சாளாம்," என்று சின்ன மச்சான் மெதுவாகச் சொன்னான்.

கடைசியாகத் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக் காட்டி, பத்து விரலையும் விரித்தாள்.

"வெளிய சொன்னா வாயப் பொத்திடுவேன்னு சொல்லியிருக்காரு," என்றார் பெரிய மச்சான். "பத்து பேர வெச்சு."

நான் எழுந்து நின்றேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவு தெளிவாக இருந்தது அவள் நடிப்பு. தான் காட்டியது ஒன்று, அவர்கள் பிடித்துக்கொண்டது வேறொன்று என்று புரிந்ததும் ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அண்ணி அழ, சின்ன மச்சான் என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து டைரக்டர் இறங்கி வந்தார். வாசற்படியில் நின்று என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணீர், கோபம், மூக்கு நுனியில் ஒரு சிவப்பு. "அக்கா, அப்படியே இருங்க! ஒரே நிமிஷம்!" என்று கத்திவிட்டு மேலே ஓடினார். கேமராவோடு திரும்பி வந்து, என் மைத்துனர்கள் என் சட்டையைப் பிடிப்பதற்குமுன் முழுதாக இரண்டு நிமிஷம் படம் எடுத்தார். அதன் பிறகுதான் விளக்கம் சொன்னார்.

பெரிய மச்சான் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, வேண்டாம் என்ற தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லக்கூடாதா மாப்ள?" என்றார்.

"சொன்னேனே."

"நம்பறாப்பல சொல்லணும்." கேமராவை ஒரு முறை பார்த்தார். "ஏம்மா டைரக்டரம்மா, கூட்டத்துல நடக்கறதுக்கு ஆளு வேணுமா?"

மானம், மரியாதை எதுவும் போகவில்லை. ஊரிலிருந்து பதினாறு பேர் வந்து கூட்டத்தில் நடந்தார்கள்.

படப்பிடிப்பு ஒன்பது நாள். கிரிவலப் பாதையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் எடுத்தார்கள். சத்தம் பதிவு செய்யவில்லை என்பதால் மைக் கிடையாது. டைரக்டர் ஒரே ஒரு சலுகை கொடுத்திருந்தார். "நடிக்கும்போது உதடு அசையணும் அக்கா. எழுத்து போடற இடத்துல ஏதாவது பேசுங்க. எது வேணா பேசுங்க, யாருக்கும் கேக்கப் போறதில்ல."

பத்து நாள் அடைத்துவைத்த வாய். எது வேண்டுமானாலும் பேசலாம் என்று உத்தரவும் கிடைத்துவிட்டது. என் முதுகு வேண்டாத நேரமெல்லாம் நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெயிலை அவள் முகத்தில் திருப்பிவிடும் வேலையில் இருந்தேன். அவள் உதடுகள் ஓடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று ஹார்ன் சத்தத்தில் கேட்கவில்லை. டைரக்டர் திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "என்ன ஒரு துக்கம் சார் அந்த முகத்துல," என்பார்.

படம் நாற்பது நிமிஷம் வந்தது. ஆசிரமம் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் திரையிட்டார்கள். இந்த மாதிரி படத்துக்குச் சரியான பார்வையாளர்கள் யார் என்று டைரக்டர் யோசித்து, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகளையும் இரண்டு டீச்சர்களையும் அழைத்திருந்தார். முன்வரிசைகள் அவர்களுக்கு. பின்னால் கீழ்பென்னாத்தூர் உறவுகள், எங்கள் தெருக்காரர்கள், சில வெள்ளைக்காரர்கள். ஓரத்தில் ஒருவர் கீபோர்டில் மெல்லச் சோக ராகம் வாசித்தார்.

பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு, புருஷனைத் தொலைத்த அந்த அம்மா பஸ் ஸ்டாண்ட் படியில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து, கண்ணில் நீரோடு ஏதோ சொல்கிறார். திரையில் எழுத்து வந்தது: "அவரில்லாத ஊரில் எனக்கு என்ன வேலை?" பின்வரிசையில் அண்ணி விசும்பினார். முன்வரிசையில் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

டைரக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள்தானே என்று விட்டார்கள். அடுத்த காட்சியில் அந்த அம்மா போலீஸ்காரரிடம் கைகூப்பிக் கெஞ்சுகிறார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சின்ன டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். டைரக்டர் முகம் வெளுத்திருந்தது. "ஏன் சிரிக்கிறாங்க?"

பெரிய டீச்சர் எழுந்தார். சொல்லலாமா என்று தயங்கினார். "மேடம், எங்க பிள்ளைங்க உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. அவங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கோம்."

"சரி."

"அந்தம்மா, அந்த எழுத்துல இருக்கறதைச் சொல்லலை."

"பின்ன என்ன சொன்னாங்க?"

டீச்சர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல, 'காலைல கரைச்சு வெச்ச தோசை மாவு இந்நேரம் பொங்கி வழிஞ்சிருக்கும், இந்த மனுசன் மூடியிருக்க மாட்டாரு, சொன்னா கேட்டாத்தானே, எறும்பு வேற வரும்'னு சொல்றாங்க."

"போலீஸ்காரர்கிட்ட?"

"'தம்பி உனக்கு எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சா, எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு நர்சிங் முடிச்சுட்டு இருக்குது, நல்லா சமைக்கும், உயரம் கொஞ்சம் கம்மிதான்'னு..."

போலீஸ்காரராக நடித்தவன் நிஜப் போலீஸ் இல்லை. செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறவன். அந்தக் காட்சியில் அவன் முகத்தில் வந்த திகைப்பை டைரக்டர் எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்தார். இப்போது அவன் கூட்டத்தில் எழுந்து நின்று, "போளூர் பக்கம்னு சொன்னேன் மேடம். வேற இன்னா சொல்றதுன்னு தெரியல," என்றான். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

மிச்சப் படத்தையும் போடச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். இப்போது டீச்சர் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லச் சொல்ல, மண்டபம் முழுக்கச் சிரித்தது. கிரிவலப் பாதையில் மலையைப் பார்த்து அந்த அம்மா உருகி நின்றபோது, "காலு வெந்து போச்சு, செருப்பு போட்டுக்கறேன்னா இந்தப் பொண்ணு விட மாட்டேங்குது." பழக்கடையில் விசாரித்தபோது, "இதுக்கு இவ்ளோ வெலையா, அடப்பாவி." என் பெயரும் என் குறைகளும் இடைவிடாமல் வந்தன. குறட்டை, டீ, பேப்பர், ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது. தெருக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றுதான் நான் என்னைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. டீக்கடை முன்னால் என் முதுகு. அதைக் கண்டுபிடித்து நிற்கிற அந்த அம்மாவின் முகம், திரை முழுக்க, ஒரு நிமிஷத்துக்கு மேல். எழுத்து எதுவும் இல்லை. பிள்ளைகள் சிரிக்கவில்லை. டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் நான் டீச்சரிடம் தனியாகக் கேட்டேன். "கடைசியில என்ன சொன்னா டீச்சர்?"

அவர் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விரல்களால் கேட்டார். பத்து வயதிருக்கும். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லலையாம் சார். அந்த இடத்துல மட்டும் உதடு அசையவே இல்லையாம்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காட்சி எடுத்தபோது நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பின்னால் அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் சட்டையைக் கழற்றியபடி மெதுவாகக் கேட்டேன். "கடைசி சீன்ல மட்டும் ஏன் பேசல?"

"தொண்ட கட்டிக்கிச்சு," என்றாள். "ஒம்போது நாளு வெயில்ல பேசினா கட்டாதா? போய் மாவ மூடியிருக்குதான்னு பாருங்க."

டைரக்டர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலை கீழே வந்து, என் மனைவி கையால் காபி வாங்கிக் குடித்தார். "அக்கா, நான் பேச்சுக்குப் பயந்து ஓடிவந்தேன். என்னோட பேசாத படத்துலயும் வந்து இவ்ளோ பேசிட்டீங்களே," என்றார். அப்புறம் தானே சிரித்துவிட்டார். அந்தப் பெரிய டீச்சரை ஒரு வாரம் மாடியில் உட்காரவைத்து, மனைவி உண்மையில் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கி, பழைய எழுத்துகளை எடுத்துவிட்டு அவற்றைப் போட்டார். சோகப் படம் சிரிப்புப் படமாயிற்று. ஏதோ ஒரு வெளிநாட்டில் அதைப் போட்டுக் காட்டி, ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். அதில் இப்போது மனைவி பல்குத்தும் குச்சி போட்டு வைத்திருக்கிறாள். காபிக் கடைப் பையனுக்கும் நர்சிங் பெண்ணுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. உயரம்கூடப் பொருந்தவில்லை என்று கேள்வி.

இரண்டாவது படத்தில் அவள் உஷாராகிவிட்டாள். உதடு அசையும் இடங்களிலெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் புரியும்படி செய்தி சொன்னாள். பரீட்சைக்குப் படித்தாயா, தலையில் பேன் பார்த்தாயா என்றெல்லாம். மூன்றாவது படத்தில் அந்தப் பிள்ளைகள் இருவர் அவளோடு நடித்தார்கள். அதற்காகச் சனிக்கிழமைதோறும் பள்ளிக்குப் போக ஆரம்பித்தவள், படம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அவள் அவர்களுக்குக் கதை நடித்துக் காட்டுவாள். அவர்கள் அவளுக்கு விரல் பேச்சு சொல்லிக்கொடுத்தார்கள். சீக்கிரமே கற்றுக்கொண்டாள் என்று டீச்சர் ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. பேசுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது என்றால் அவள் விடுவாளா?

போன வாரம் கடைத்தெருவில் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். கடைசிக் காட்சியில் உதடு அசையவில்லை என்று சொன்னாளே, அவள்தான். இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தாள். பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று இருவரும் கைகளால் பேச ஆரம்பித்தார்கள். நான் காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால்மணி நேரம் ஆயிற்று. கை மாற்றிப் பிடித்தேன். நடுவில் அந்தப் பெண் என்னைப் பார்த்து இரண்டு விரலை மடக்கி ஏதோ சொன்னாள். என் மனைவி தோள் குலுங்கச் சிரித்தாள். பூக்கட்டுகிற அம்மாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

"என்ன சொன்னா அந்தப் பொண்ணு?" என்றேன், அவள் போன பிறகு.

"ஒண்ணுமில்ல."

"என்னையே பாத்தாளே?"

"பாக்காம? எதிர்ல மரமாட்டம் நின்னா எல்லாரும்தான் பாப்பாங்க," என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு நின்று, என் முகத்துக்கு நேராக விரல்களை இரண்டு மூன்று விதமாக அசைத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடி அது?"

"வந்து கத்துக்குங்க சனிக்கிழம," என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.